எங்கள் மலையின் இரண்டாம் டிவிஷன்

அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாராவது ‘நானும் அங்கேதான் இருந்தேன், நடந்தது வேறே’ என்று கிளம்பி வந்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வராது. எங்கள் பஜார் அணியில் பத்துப் பேர். பதினோராவது ஆள் தக்காளி லோடு எடுக்கச் சேலத்துக்கு இறங்கியவர், அடிவாரத்தில் டயர் வெடித்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எஸ்டேட் அணியில் பதினோரு பேர். அவர்களுடைய மேனேஜராக எஸ்டேட் ரைட்டர், கூலிக்கணக்கு எழுதுகிறவர். நடுவராக ஓய்வுபெற்ற பி.டி. மாஸ்டர். லீக்கின் செகரட்டரி, கையில் குடையோடு. வேர்க்கடலை விற்கிற அம்மாள் ஒருவர். பஜார் அணியின் மேனேஜர் என்ற பேரில் நான். தலைச்சோலையிலிருந்து இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மூடுபனி இறங்கியதும் போய்விட்டார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான் ஏற்காட்டு பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் டீயும் பஜ்ஜியும் போட்டுக்கொண்டிருந்தவன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்குப் போதும் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்துக்கு அதற்கு முன்பே தோன்றியிருந்தது. பந்தை நான் ஒரு நாளும் உதைத்ததில்லை. உதைத்தால் யாருக்காவது கண்ணில் பட்டுவிடுமே என்கிற பயம். என்னை மேனேஜர் ஆக்கினதற்குக் காரணம், ஆட்டம் முடிந்து எல்லோருக்கும் டீ கொடுக்க வேண்டியவன் மேனேஜர்தான் என்று விதி இருந்ததே.

எங்கள் மலையில் லீக் தொடங்கியது எழுபதுகளின் நடுவில். நான்கு அணிகள். எஸ்டேட் அணி, பஸ் டிரைவர் கண்டக்டர்களின் அணி, தலைச்சோலை விவசாயிகளின் அணி, கடைக்காரர்களும் லாட்ஜ் ஆட்களும் சேர்ந்த எங்கள் பஜார் அணி. மலையில் சமமான இடம் கிடையாது. எங்கள் மைதானத்துக்கு மேல்பக்கம், கீழ்பக்கம் என்று இரண்டு பக்கங்கள். டாஸ் ஜெயித்தவர் மேல்பக்கத்தைக் கேட்பார். பந்து தானாகவே கீழே உருண்டு பாதி வேலையைச் செய்துவிடும். இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறும்போது, போட்ட கோல்களையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்வது வழக்கம்.

சாம்பியன்களின் பெயர்களைச் செகரட்டரியின் லாட்ஜ் வரவேற்பறையில் ஒரு பலகையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்திருந்தார்கள். முதல் ஐந்து வருஷமும் எஸ்டேட் அணி. காரணம், மலையில் இருந்த ஒரே பந்து அவர்களுடையது. தோற்கிற மாதிரி இருந்தால் பந்துக்குக் காற்று போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எண்பதுகளில் ஒரு வருஷம் பஸ் அணி. கடைசி பஸ்ஸுக்கு நேரமானால் பாதி ஆட்டத்தில் இறங்கிப் போகிறவர்கள் எப்படிச் சாம்பியன் ஆனார்கள் என்று கேட்கலாம். அந்த வருஷம் மண் சரிந்து மலைப்பாதை மூடியிருந்தது. அவர்களுக்குப் போக வேறு இடமில்லை. இன்னொரு வருஷம் விடாத மழையில் ஒரு ஆட்டமும் நடக்கவில்லை. பலகையில் காலியிடம் விட்டால் அழகாயிராது என்று செகரட்டரி அந்த வருஷத்துக்குத் தன் அப்பா பெயரை எழுதிவைத்தார். கேட்டதற்கு, “அவரு நொம்ப நல்ல மனுசனுங்க” என்றார். யாரும் மறுக்க முடியவில்லை, நல்ல மனிதர்தான்.

பஜார் அணியின் பெயர் அந்தப் பலகையில் இல்லை. அதைப் பற்றி எங்களுக்குக் கவலையும் இல்லை. கவலைப்படுவதற்கு எனக்கு வேறு விஷயங்கள் இருந்தன. அவற்றில் முக்கியமானது மே மாதம்.

மே மாதத்தில் பூக்கண்காட்சிக்குக் கூட்டம் மலையேறும். எங்கள் மைதானம் அப்போது கார் நிறுத்துகிற இடம். மைதானத்தின் ஓரத்தில் லீக் அணிகள் ஆளுக்கொரு கடை போட்டுக்கொள்ளலாம் என்பது பழைய ஏற்பாடு. பஜார் அணியின் இடத்தில் நான் கடை போடுவேன். மற்ற பதினோரு மாதமும் பஸ்ஸில் வந்து இறங்குகிற நாலு பேருக்கு டீ ஊற்றினால் கடை வாடகைக்கே பத்தாது. அந்த மே மாதத்து வியாபாரத்தில்தான் வருஷத்து வாடகையும் பிள்ளைகளுடைய பள்ளிக்கூடச் செலவும் அடங்கும். அதற்காக லீக் தொடங்கும் ஐப்பசியிலேயே செகரட்டரியிடம் அறுநூறு ரூபாய் முன்பணம் கட்டிவிடுவேன். கட்டின நாளிலிருந்து மே வரைக்கும் கவலைப்படுவேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நாடு முழுவதற்குமாகத் தேசிய லீக் ஒன்று தொடங்கியது. முதல் வருஷம் பஞ்சாபிலிருந்து ஒரு மில் அணி ஜெயித்தது. அடுத்து கல்கத்தாக்காரர்கள், அதற்கடுத்து கோவாக்காரர்கள். எங்கள் செகரட்டரி இதையெல்லாம் பேப்பரில் விடாமல் படித்தார். ஆனால் அவர் மனதைத் தொட்டது ஜெயித்தவர்கள் இல்லை. கடைசியில் வந்தவர்கள்.

முதல் வருஷம் முடிந்ததும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரிடமும் சொன்னார். “கடைசியா வாரவனக் கீழ எறக்கிப் போடறாங்களாமாங்க. ரெண்டாவது டிவிஷனுக்கு. இந்தியா பூராவும் எறக்கறாங்க, நம்ம மலைல மட்டும் எல்லாரும் மேலயே குந்தீட்டிருந்தா நல்லாருக்குங்களா?”

“நம்மகிட்ட இருக்கறதே நாலு டீமுங்களே,” என்றார் பி.டி. மாஸ்டர். “ரெண்டாவது டிவிஷன்ல யாருங்க இருக்கறது?”

“எறங்கி வாரவங்க இருப்பாங்க.”

“எறங்கி வாரது ஒரு டீமுங்க. அவங்க யாரோட ஆடறது?”

“மொதல்ல டிவிஷன் இருக்கோணுமுங்க மாஸ்டர். டீமு தானா வரும். ரோடு போட்டா பஸ் வரலீங்களா?”

குப்பனூர்ப் பக்கம் ரோடு போட்டும் வெகுநாள் பஸ் வராமல் இருந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனால் செகரட்டரி சொந்தச் செலவில் மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர். விதி நிறைவேறியது. கூடவே ஒரு சின்ன விதியும் சேர்ந்துகொண்டது: மே மாதம் கடை போடும் இடம் முதல் டிவிஷன் அணிகளுக்கு மட்டும். அதைக் கேட்ட அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே அடைத்தேன். வீட்டில் சொன்னேன். “நாலு டீமுல நீங்கதான் கடைசியா வரோணும்னு எழுதியா வெச்சிருக்குது?” என்றாள் மனைவி. எழுதிவைக்கவில்லைதான். ஆனால் எங்கள் அணியை அவள் பார்த்ததில்லை.

அடுத்து வந்த மார்கழியில் கடைசி ஆட்டம் எஸ்டேட் அணியோடு. டிரா ஆனால் பஸ் அணி இறங்கும், தோற்றால் நாங்கள். ஜெயிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. கோல் நிற்பவர் எங்கள் பஜாரின் தையல்காரர். கை நீளம், கண் கூர்மை. ஊசி கோர்க்கிற கண். ஆனால் சுபாவத்தில் இப்படி ஒரு மரியாதைக்காரரை நான் பார்த்ததில்லை. கடைவாசலில் நாய் வந்து நின்றால்கூட “இன்னைக்கு இல்லீங்க” என்பார்.

இடைவேளைக்குப் பிறகும் கோல் எதுவும் விழவில்லை. நாங்கள் மேல்பக்கத்திலிருந்து ஆடினோம். எல்லாம் நன்றாகப் போகிறதே என்று எனக்குப் பயம் பிடித்த சமயத்தில் மூடுபனி இறங்கியது. முதலில் குடையோடு நின்ற செகரட்டரி காணாமல் போனார், பிறகு குடை. கடைசியில் என் செருப்பே எனக்குத் தெரியவில்லை.

மூடுபனிக்கு எங்கள் லீக்கில் தனிச் சட்டம் உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கோல்கீப்பர் பனியில் குளிர் தாங்காமல் வீட்டுக்குப் போய்ச் சுடுதண்ணீர் வைத்துக் குளித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய காலிக் கோலில் நாலு கோல் விழுந்து, மறுநாள் காலையில்தான் அவருக்கே தெரிந்தது. அதிலிருந்து, பனி இறங்கினால் நடுவர் விசில் ஊதி “கோலி!” என்று கூப்பிடுவார். இரண்டு பக்கத்துக் கோல்கீப்பர்களும் “இருக்கேனுங்க” என்று குரல் கொடுக்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் ஒருவரிடமிருந்து பதில் வராவிட்டால் ஆட்டம் அத்தோடு சரி. அப்போது எத்தனைக்கு எத்தனையோ அதுவே முடிவு.

அந்தச் சட்டம் நினைவுக்கு வந்ததும் நான் கோல் கம்பத்தைத் தடவிக்கொண்டு போய்த் தையல்காரரைக் கண்டுபிடித்தேன்.

“ஏனுங்க, மாஸ்டர் கூப்பிடுவாரு. நீங்க பேசாம இருங்க. மூணு தடவ. டிரா ஆயிரும்.”

“கூப்பிட்டா ஏனுன்னு கேக்காம இருக்கறது மருவாதைங்களா?”

“என்ற கடை போயிருமுங்க. மே மாசம் நான் எங்க போயி நிக்கறது?”

அவர் யோசித்தார். யோசிப்பது எனக்குத் தெரியவில்லை, பனி. ஆனால் மூச்சு மாறியது கேட்டது. “சரீங்க,” என்றார். உதட்டை இறுக மூடிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

விசில். “கோலி!” கீழே தூரத்திலிருந்து எஸ்டேட் கோல்கீப்பர், “இருக்கேனுங்க!” இங்கே சத்தமில்லை. இரண்டாவது விசில். “கோலி!” கீழே, “இருக்கேனுங்க!” இங்கே தையல்காரர் பதில் சொல்ல ஒரு அடி முன்னால் வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது.

மூன்றாவது விசிலுக்கு முன்னால், பனிக்குள் எங்கிருந்தோ ஒரு பையனின் குரல். எஸ்டேட் அணியின் முன்வரிசை ஆட்டக்காரன். காப்பிக் களத்தில் வேலை செய்கிறவன்.

“ஏனுங்க டைலரு, எம்பட பேண்ட்டு தெச்சாச்சுங்களா? பொங்கலுக்கு உடுத்தோணுமுங்க.”

“வெள்ளிக்கெழம வா கண்ணு!” என்றார் தையல்காரர், கணீரென்று. “பட்டன் மட்டும்தான் பாக்கி!”

குரல் வந்த திசைக்கு நேராகப் பந்து வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே போன காற்றை நான் உணர்ந்தேன். பின்னால் வலை என்று எதுவும் கிடையாது. காப்பிச் செடிகள் சலசலத்ததிலிருந்துதான் கோல் என்று தெரிந்தது.

நான் மைதானத்துக்குள் ஓடினேன். எந்தப் பக்கம் ஓடுகிறேன் என்று தெரியாமல் வேர்க்கடலை அம்மாளின் கூடையில் இடித்து, பிறகு மாஸ்டரைக் கண்டுபிடித்தேன். “அவரு உங்களுக்குப் பதில் சொல்லலீங்க மாஸ்டர். பேண்ட்டுக்குத்தான் பதில் சொன்னாரு. ரெண்டு தடவ கூப்பிட்டும் சத்தமில்லை, ஆட்டத்த முடிச்சுப் போடுங்க.”

மாஸ்டர் நியாயமானவர், தடுமாறினார். பனியிலிருந்து குடை மட்டும் வெளியே வந்தது. அதன் கீழே செகரட்டரி. “எதப் பத்திப் பேசுனா என்னங்க? ஆள் இருக்காரா இல்லையாங்கறதுதானுங்க சட்டம். இருக்காரு. அதும் பட்டன் வரைக்கும் தெச்சுப் போட்டு இருக்காரு.”

எஸ்டேட் ரைட்டர் என் தோளில் தட்டினார். “மனசு உடாதீங்க. தேசிய லீக்குலயே எறங்கறாங்க.”

தையல்காரர் கோல் வாயிலேயே உட்கார்ந்துவிட்டார். “கேட்டது கஸ்டமருங்க,” என்றார்.

ஆக நாங்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினோம். இறங்கிப் பார்த்தால் அங்கே நாங்கள் மட்டும்தான். அதனால் எனக்கு ஒரு நிம்மதி: ஆடாமலேயே ஜெயித்துத் தை முடிவதற்குள் மேலே ஏறிவிடலாம், மே மாதக் கடை பிழைத்துவிடும். செகரட்டரியிடம் போய் இதைச் சொன்னேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“ஆடாம சாம்பியனாக்குனா நாளைக்கு யாராச்சும் கேள்வி கேப்பாங்க. மொறைன்னு ஒண்ணு இருக்குதுங்களே. மூணு ஆட்டம் போட்டிருக்கறன். எதிர் டீமு வரலைன்னா உங்களுக்கு வெற்றி. நீங்க வரலைன்னா அவங்களுக்கு வெற்றி.”

“அவங்கன்னா யாருங்க?”

“அதான் எதிர் டீமு.”

அவர் லாட்ஜில் ஒரு புதுப் பலகை மாட்டியாயிற்று. மேலே ‘இரண்டாம் டிவிஷன்’. கீழே இரண்டு பெயர்கள்: பஜார், எதிரணி. ஆட்டம் தொடங்காத நிலையில் எதிரணி எங்களோடு சமமாக இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையை அப்படியே விட்டுவிட்டு வெயிலில் ஏழு பேராவது வந்து நிற்க வேண்டும். யாருக்காவது சளி பிடித்தால்? எங்கள் லாட்ஜ் ஆட்களுக்கு அன்றைக்குப் பார்த்துக் கல்யாணப் பார்ட்டி வந்தால்? இல்லாத அணி எங்களை ஜெயித்துவிடும்.

முதல் ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வந்தோம். மாஸ்டர் முறைப்படி எங்கள் கேப்டனைக் கூப்பிட்டு டாஸ் போட்டார். தோற்றோம். “அப்ப அவங்களுக்கு மேல்பக்கமுங்க,” என்றார் மாஸ்டர். அவருடைய குரலில் கிண்டல் இல்லை. அவர் பாவம், சட்டத்தின் ஆள். நாங்கள் கீழ்பக்கத்தில் போய் நின்றோம். விசில் ஊதினார், காத்திருந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், திரும்ப ஊதி எங்களுக்கு வெற்றி என்றார். தையல்காரர் எதிர்ப்பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார்.

இரண்டாவது ஆட்டத்தில், மாஸ்டர் விசிலை வாயில் வைத்துக் காத்திருக்கும்போதே மூடுபனி இறங்கியது. நான் பயந்தபடியே அவர், “கோலி!” என்றார்.

“இருக்கேனுங்க!” என்று தையல்காரர் மலையே அதிரக் கத்தினார். இந்தத் தடவை தவறக் கூடாது என்று தீர்மானத்தோடு வந்திருந்தார்.

மேல்பக்கத்திலிருந்து பதில் இல்லை. மூன்று தடவை கூப்பிட்டும் இல்லை.

“ஒரு பக்கத்துக் கோலி பதில் சொல்லலீங்க,” என்றார் மாஸ்டர் வருத்தத்தோடு. “ஆட்டம் அப்படியே முடிஞ்சுது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். டிரா.”

மறுநாள் பலகையில் எதிரணிக்கு ஒரு புள்ளி ஏறியிருந்தது. என் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்து என்னை ஒரு தடவை முழுதாகப் பார்த்தாள். “ஏனுங்க, ஆளே வராத டீமோட டிரா பண்ணிப்போட்டு ஊட்டுக்கு வந்திருக்கறீங்களே, உங்களுக்கு வெந்நி வெக்கட்டுங்களா, இல்ல மால வாங்கியாரட்டுங்களா?”

மூன்றாவது ஆட்டத்தன்று விடிகாலையிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆட்டத்துக்கு நாங்கள் ஆள் சேராமல் போனால் எதிரணி புள்ளியில் எங்களோடு சமமாகிவிடும். நல்லவேளையாக மாசி வெயில் அடித்தது. பஜார் அணியில் எல்லோரும் வந்தார்கள், தக்காளி லோடுக்காரர் உட்பட. மாஸ்டர் இரண்டு விசில் ஊதினார். நாங்கள் சாம்பியன். இருபது வருஷத்துக்கு மேலான எங்கள் அணியின் சரித்திரத்தில் முதல் பட்டம். பையன்கள் தையல்காரரைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்தார்கள். டூரிஸ்ட் ஒருவர் யாரைத் தோற்கடித்தீர்கள் என்று கேட்டார். பையன்கள் தையல்காரரை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினார்கள்.

அப்படியே நேராக லாட்ஜுக்குப் போய்க் கடையிடத்தைக் கேட்டேன்.

“அவசரப்படாதீங்க,” என்றார் செகரட்டரி. “ஜெயிச்சது ஒண்ணு, மேல ஏறறது ஒண்ணு. விழா வெச்சுக் கப்பு குடுத்தாத்தானுங்க ஏறுனதாக் கணக்கு. விழாவுக்குப் பெரிய மனுசர் ஒருத்தரக் கூப்பிட்டிருக்கறன். அவரு ஜூன்லதான் வாராரு.”

“மே முடிஞ்சு போயிருமுங்களே.”

“அடுத்த மே வராதுங்களா?”

அந்த மே மாதத்தில் எங்கள் இடத்தில் ஒரு குல்பி ஐஸ் கடை வந்தது. கடைக்காரர் செகரட்டரியின் மைத்துனர், சேலத்துக்காரர். கால்பந்து என்றால் எத்தனை பேர் ஆடுவது என்று என்னிடமே விசாரித்தார். லீக்கின் பாதுகாப்பில் இடம் இருக்கிறது என்று விளக்கம் கிடைத்தது. தேசிய லீக்கில் இறங்கினவர்களுடைய இடத்திலும் இப்படி யாராவது மைத்துனர் குல்பி விற்றிருப்பாரா என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். பேப்பரில் அதைப் போடமாட்டார்கள்.

கடைதான் போடக் கூடாது, நடக்கக் கூடாது என்று விதியில்லை. நான் பெரிய டீ கேனைத் தூக்கிக்கொண்டு, நிற்கிற கார்களுக்கு நடுவே நடந்து விற்றேன். தையல்காரர் கடையை அடைத்துவிட்டு, நான் கூப்பிடாமலேயே பஜ்ஜித் தட்டோடு கூட வந்தார். காசு கொடுக்காமல் கார் கதவை மூடிக்கொண்டவர்களிடமும், “பரவாலீங்க, பாத்துப் போங்க” என்றார். கேன் தூக்கி என் வலது தோள் இறங்கியது. வந்த பணத்தில் வாடகை கட்டினேன். பள்ளிக்கூடச் செலவுக்கு மனைவி கம்மலை அடகு வைத்தாள். வைத்துவிட்டு வந்து ஒரு வார்த்தையும் கேலி பேசவில்லை. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

ஜூன் மழையில் விழா நடந்தது. பெரிய மனிதர் வரவில்லை. செகரட்டரியே கப்பைக் கொடுத்து, செகரட்டரியே கைதட்டினார். எங்கள் பெயருக்கு அடுத்ததாக, இரண்டாம் இடம் பெற்ற எதிரணியையும் பாராட்டிப் பேசினார். மூன்றில் ஒரு ஆட்டத்தைத் தோற்காமல் முடித்திருக்கிறார்கள், நல்ல எதிர்காலம் உண்டு என்றார். பெரும்பாலோர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்; தட்டாவிட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வாரோ என்று.

கூட்டம் கலைந்ததும் குடைக்குள் நுழைந்து, போடாத கடைக்குக் கட்டின முன்பணத்தைக் கேட்டேன். கம்மலை மீட்க வேண்டும் என்பதையும் சொன்னேன்.

“குடுக்காம எங்க போகப் போறன்?” என்றார். “அறுநூறு குடுத்தீங்க, இல்லைங்கல. அதுல ரெண்டாவது டிவிஷன் நுழைவுக் கட்டணம் நூறு. மாஸ்டருக்கு மூணு ஆட்டத்துக்கு நூத்தம்பது. கப்பு நூத்தி எழுபத்தஞ்சு.”

“கப்பு நாங்க ஜெயிச்சதுங்களே!”

“அந்த டிவிஷன்ல இருந்தது நீங்க ஒருத்தருதானுங்க. நான் வேற எந்த டீமுகிட்டப் போயிக் கப்புச் செலவக் கேக்கறது? எதிர் டீமுகிட்டக் கேக்கட்டுங்களா?”

“சரீங்க. மிச்சத்தயாச்சும் குடுங்க.”

“வெள்ளிக்கெழம வாங்க.”

நான் ஆறாம் வகுப்புக்காரன்தான், ஆனாலும் கழித்தல் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அந்த வெள்ளிக்கிழமை போனேன், அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் போனேன். பிறகு லீக் நின்றுபோனது, லாட்ஜ் கைமாறியது, இரண்டு பலகைகளையும் எடுத்துக் கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டார்கள். கம்மல் அடகிலேயே மூழ்கிப்போயிற்று. செகரட்டரி சேலத்தில் சௌக்கியமாக இருக்கிறார் என்று கேள்வி. எனக்கு இன்னும் வர வேண்டியது நூற்றெழுபத்தைந்து ரூபாய்.